ஜீப்பை விட்டு இறங்கிய மருமகள்

கல்முனை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் பஸாலுக்கு, உன் வாப்பா ஆதம்பாவா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு அபூசாலி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கட்டார் வெயிலில் அல்லாஹ் உனக்குச் சுகத்தைத் தரட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதச் சொல்ல மாட்டேன். எனக்கு முழங்கால் வலி பரவாயில்லை. உன் உம்மா முனவ்வறாதான் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போகிறாள்.

போனில் கதைக்கலாம்தான். உன் மனைவி நஸ்லியாவின் பேரை எடுத்தவுடன் நீ வெட்டிவிடுகிறாய். கடிதத்தை வெட்ட ஏலாது. உன்னோடு வேலை செய்யும் இஹ்ஸான் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே வருகிறான், உன் கையில் தருவான். அவனை நிற்க வைத்துக்கொண்டு பிரிக்காதே. தனியே இருந்து படி.

நீ பார்த்த வீடியோவை நானும் பார்த்தேன். பள்ளிவாசலடியில் ஒருவர் போனை என் மூக்குக்கு நேரே பிடித்து, "ஆதம்பாவாக் காக்கா, இது ஒங்கட மருமகள்தானே?" என்றார். "ஓம், வேற யார்ர மருமகள் இப்படித் துணிவா நிற்பாள்?" என்று கேட்டுவிட்டு வந்தேன். வந்து வீட்டில் படுத்துவிட்டேன், அது வேறு கதை.

அதில் என்ன இருக்கிறது? காட்டுக்குள் உன் மனைவி நிற்கிறாள். ஜீப் ஓட்டும் கோமாரி ஊர்ப் பையன் பவிதரன் அவள் கையைப் பிடித்து இழுக்கிறான். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்த முன்னையும் பின்னையும் பார்த்தவன் நான். பெண்களைச் சுற்றுலா கூட்டிப் போகும் வேலையை அவள் செய்வதென்றால் வீட்டு ஆம்பிளை ஒருவர் துணைக்குப் போக வேண்டும் என்று நீதானே சொன்னாய்? அந்தத் துணை நான். முன் சீட்டில் இருந்தேன். எனக்கு எழுத்துத்தான் தெரியாது மகன், கண் தெரியும், கண்டது மறக்காது.

முதல் நாள் குமணைக் காடு, மறுநாள் வெலிமடைப் பக்கம் மலைக் கிராமம். காட்டு வாசலில் நஸ்லியா எல்லோரையும் பார்த்து, "என்ன நடந்தாலும் ஜீப்ப விட்டு இறங்கப்படாது. மயில் வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் இறங்கப்படாது" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். உள்ளே குளத்தங்கரையில் முதலை பார்க்க ஜீப் நின்றது. வண்டி குலுங்கியதில் ஸம்றா என்ற பிள்ளைக்கு வாந்தி. யாருக்கும் சொல்லாமல் பின்னால் இறங்கிப் பற்றைச் செடி மறைவுக்குப் போய்விட்டாள். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர, எதிரே மரங்களுக்குள் இருந்து ஆனை வந்தது. பெண் ஆனை, காலடியில் குட்டி.

ஸம்றா இறக்காமம் ஊர்ப் பிள்ளை. வயலில் ஆனை இறங்கினால் தகரம் தட்டி, கூவி விரட்டிப் பழகியவள். பயத்தில் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. கையைத் தட்டி "ஹோ, ஹோ" என்று கத்தத் தொடங்கினாள். வயலுக்கு ஆனை களவெடுக்க வருவது, கத்தினால் ஓடும். இங்கே அது தன் வீட்டில் குட்டியோடு நிற்கிறது. எங்கே ஓடும்? காதை விரித்தது.

இறங்காதே என்று சொன்னவளே இறங்கினாள். ஓடவில்லை, நடந்து போனாள். பின்னால் போய் ஸம்றாவின் வாயைப் பொத்தி, "கத்தாதகா, மெல்ல என்னோட பின்னுக்கு வா" என்றாள். அதற்குள் ஆனை பாய்ந்து வர வெளிக்கிட்டுவிட்டது. பவிதரன் குதித்துப் போய் நஸ்லியாவின் கையைப் பிடித்து இழுத்தான். அவள் ஸம்றாவை விடவில்லை. அவன் இழுத்தது ஒருத்தியை, ஜீப்புக்குள் வந்து விழுந்தது இரண்டு பேர். ஆனை புழுதியைக் கிளப்பிக்கொண்டு கிட்டத்தில் வந்து நின்றது, குட்டி கத்தவும் திரும்பிப் போனது. உயிர் போகும் வேளையில் சொல்லும் கலிமாவை நான் சொல்லிவிட்டேன் மகன், அவ்வளவு கிட்ட.

ஜீப்புக்குள் இருந்த பாஹிமா எடுத்த வீடியோ அது. பற்றை மறைத்ததில் படத்தில் ஸம்றா விழவில்லை, ஆனையும் விழவில்லை. "நாங்க மௌத்தாகப் பார்த்தோம்" என்று, சாவிலிருந்து தப்பிய கதையாக அன்று இரவே தங்கச்சிக்கு அனுப்பினாளாம். தங்கச்சி யாருக்கு, அவள் யாருக்கு, அது ஊருக்குத் தெரியும். பாஹிமா வந்து அழுதுவிட்டுப் போகிறாள். அழுது என்ன?

மறுநாள் மலையில் ஏறினோம். படி படியாக வெட்டிய காய்கறித் தோட்டங்கள், கோவா, கரட், தகரக் கூரைகளுக்கு மேலே புகையும் பனியும் ஒன்றாக. வெள்ளாமை வெளியையே பார்த்த பெண்கள், சரிவில் எப்படித் தண்ணீர் கட்டுகிறார்கள் என்று வாயைப் பிளந்து நின்றார்கள். ஒரு வளைவில் சிக்னல் கிடைத்தது. எல்லோருடைய போன்களும் ஒன்றாக அடித்தன. நஸ்லியாவுக்கு வந்தது உன் கோல். நீ என்ன கேட்டாய்? ஆனை வந்ததா, காயம் பட்டதா என்று கேட்டாயா? அவள் முகம் வெளிறியது. "ஓம்" என்றாள், இன்னொரு "ஓம்", அவ்வளவுதான். போனைப் பைக்குள் வைத்துவிட்டு, "மறுகா இன்னொண்டு பாருங்க, அந்தா தெரியுதே வெள்ளைக் கோடு, அது ஒரு நீர்வீழ்ச்சி" என்று பெண்களுக்குக் காட்டினாள்.

சனிக்கிழமை அடுத்த பயணம் போனால் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவேன் என்றாயாம். எந்தச் சொல் என்று அபூசாலி பேனையைத் தூக்கிக்கொண்டு கேட்கிறான். மூன்று தரம் சொன்னால் குடும்பம் இரண்டாகும் சொல். என் பேரில் போகும் கடிதத்தில் அதை எழுத விடமாட்டேன்.

நேற்று அவள் வந்து, "மாமா, சனிக்கிழமை வருவீங்களா, நான் வேற ஆளப் பார்க்கட்டா?" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உனக்குக் கோபம் வந்தால் என்னோடு கோபி.

ஒன்றை மறந்துவிடாதே மகன். நம் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுடையது. அந்தச் சொல்லைச் சொன்னால் அவள் எங்கேயும் போக மாட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரவேண்டியவன் நீ. வருவாய், இங்கேதான் வருவாய். உன் உம்மா கதவைத் திறப்பாள். நான் திறப்பேனா என்று என்னைக் கேட்காதே.

சனிக்கிழமை விடிய சுபஹு தொழுதுவிட்டு வான் வண்டி வெளிக்கிடும். அதற்கு முன் அவளுக்கு ஒரு கோல் எடு. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், உனக்கு அது வராது. கவனமாகப் போய் வா என்று மட்டும் சொல். அவள் போன் அடிக்கும்வரை வானை எடுக்க விடாமல் நான் ஏதாவது சாட்டுச் சொல்லி வாசலில் நிற்பேன். முழங்கால் நோகும், பரவாயில்லை.

அல்லாஹ் உன் நாவைக் காப்பானாக.

உன் வாப்பா,
ஆதம்பாவா
(பெருவிரல் அடையாளம்)