அச்சில் ஒட்டிய மெழுகு

இன்று வெள்ளிக்கிழமை. பூசை மணியைப் புளி போட்டு மினுக்கிச் சந்தனம் வைக்கும்போது, அந்த வாசத்தோடு உங்கள் மேல் இருந்த பழைய கோபமும் வந்துவிட்டது. போனவரோடு சண்டை பிடிக்கக் கூடாது என்கிறார்கள். நீங்கள் பாதியில் விட்டுப்போன சண்டையை நான் என்ன செய்ய?

நெடுங்கேணியில் டிராக்டர் திருத்துகிற மனிதருக்கு வானத்தில் என்ன அலுவல்? ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் வாசித்தீர்கள். தொலைவில் பெரிய நட்சத்திரங்கள் மோதினால் அந்த அதிர்வு அலையாக வந்து இங்குள்ள இரும்பையும் அணுவளவு அசைக்குமாம். அதைப் பிடிக்க அமெரிக்காவில் பெரிய உலோக உருளையைத் தொங்கவிட்டிருக்கிறார்களாம். உடனே நீங்களும் உடைந்த டிராக்டரின் இரும்புச் சக்கர அச்சு ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டீர்கள். எங்கே? சீமெந்து போட்ட ஒரே அறை என்று என் சாமியறையில்! பிள்ளையாரும் முருகனும் புகை குடிக்கக் குசினி அடுப்படிக்குப் போனார்கள்.

“இரைச்சல் அடங்கினவுடனை அறையைத் திருப்பித் தாறன்” என்றீர்கள்.

அதிர்வை மின்சாரமாக்கும் என்று கிராமபோன் தலையிலிருந்து கழற்றிய படிகத் துண்டை மெழுகை அப்பி அச்சில் ஒட்டி, றேடியோவுக்குக் கம்பி இழுத்திருந்தீர்கள். அதன் இயர்போனைக் காதில் மாட்டினால் உஸ்ஸென்று ஓயாத இரைச்சல். அதற்குக் காரணம் நான்தானாம்.

“இஞ்சாரும், உலக்கையை வையும்!”

“கோழியைக் கலையும்!”

“உந்த மணியை ஏனப்பா ஆட்டுறீர்?”

ஒருநாள் உலை வைக்காமல், கோழிகளையும் அடைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இரைச்சல் அப்படியே இருந்தது. பிறகுதான் சொன்னீர்கள், சூடாம். இரும்புக்குள் உள்ள அணுக்கள் சூட்டில் ஓயாமல் துடிக்குமாம். பழி சொன்னதற்கு ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தால், அச்சில் படாமல் சுற்றிவரத் தொங்கவிட ஈரச்சாக்குக் கேட்டீர்கள். வைகாசி வெயிலில் எத்தனை வாளி அள்ளினேன்!

நான் பள்ளிக்கூடம் கண்டது ஐந்தாம் வகுப்பு மட்டும். ஆனாலும் அகராதியை வைத்துக்கொண்டு அதே சஞ்சிகையை எழுத்துக்கூட்டி வாசித்தேன். அறை வேண்டுமே. தட்டினால் நீண்டு ஒலிக்கிற உலோகம் தன் சூட்டுத் துடிப்பை ஒரே சுரத்துக்குள் அடக்கிக்கொள்ளுமாம்; மற்றச் சுரங்களில் அமைதியாக இருக்குமாம். கெதியாக ஒலி அடங்குகிற உலோகம் எல்லாச் சுரத்திலும் இரையுமாம்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஏதோ யோசனையில் மணியில் சந்தனத்தைத் தடிப்பாக அப்பிவிட்டேன். ஆட்டினால் டொக்கென்று அடங்கியது. வழித்துவிட்டு ஆட்டினேன், பழையபடி நீண்டது. கைச் சந்தனத்தோடே ஓடி வந்தேன்.

“உங்கடை மெழுகுதான் அச்சின்ரை குரல்வளையை நெரிக்குது. வழிச்செடுத்துப்போட்டு ஒரு துளி விட்டு ஒட்டுங்கோ.”

“சந்தனம் பூசுற ஆக்கள் எனக்கு விஞ்ஞானம் சொல்ல வந்திட்டினம்!”

அடுத்த நாள் நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மெழுகைச் சுரண்டி, படிகத்தை ஒரு துளியில் ஒட்டியிருந்தீர்கள். திரும்பி வந்து அகப்பைக் காம்பால் அச்சைத் தட்டி, ஒலி அடங்கும் வரை ‘நமசிவாய’ எண்ணினேன். மெழுகு அப்பியிருந்தபோது இப்படியே எண்ணி என் கொப்பியில் எழுதியது பன்னிரண்டு. அன்றைக்கு நாற்பத்து மூன்று. காதில் மாட்டிப் பார்த்தேன், இரைச்சலும் தணிந்திருந்தது.

“றேடியோவின்ரை பற்றரி புதிசு” என்றீர்கள்.

“தட்டினால் நீண்டு கேக்கிறதுக்கும் பற்றரியோ?”

“ஓம்.”

ஓமாம்! அறையைக் கேட்டால், “இன்னும் முழுசா அடங்கேல்லையே” என்றீர்கள். சூடு உள்ள மட்டும் அது முழுதாக அடங்காது என்று தெரிந்துகொண்டே சொன்னீர்கள்.

அந்த மாரிக்காலத்தில் வந்த காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. அறை எனக்கு வந்தது. இப்படித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை.

சாமிகள் திரும்பிவிட்டார்கள். அச்சைக் கழற்ற மனம் வரவில்லை; பிள்ளையாருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. யாரும் அதட்டாமலே பானையை மெல்ல இறக்கி வைக்கிறேன். றேடியோவைத் தம்பி கொண்டுபோய்விட்டான். இன்று பூசை முடிந்ததும் அகப்பைக் காம்பால் அச்சைத் தட்டிவிட்டு எண்ணினேன்.

நாற்பத்து மூன்று. இந்த வீட்டில் இப்போது ஒரு பற்றரியும் இல்லை. கேட்டதோ?