முப்பத்து நான்காம் பக்கத்து வண்டு

மார்ச் 3

என் அன்பு அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். ஒன்பது வருஷம் ஒரு வரி போடாதவனுக்கு இப்போது என்ன திடீர் பாசம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாய், தெரியும். கல்லூரி வேலை அப்படி.

பள்ளி நூலகங்களுக்குப் பூச்சி அடையாளக் கையேடுகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நீயும் இருக்கிறாயாமே! அருங்காட்சியகத்துப் பூச்சிப் பெட்டிகளோடு இத்தனை காலம் மல்லுக்கட்டியவளை விட்டால் வேறு யார்? என் வண்டுக் கையேட்டின் மூன்றாம் பதிப்பை அனுப்பியிருக்கிறேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உன் தம்பி

மார்ச் 11

அன்புள்ள குட்டிக்கு,

பேராசிரியரைக் குட்டி என்று கூப்பிடலாமா? கூப்பிட்டுவிட்டேன். புத்தகம் வந்தது.

மொத்தம் பதினாறு கையேடுகள். நான் அட்டையைப் பார்த்து எடுப்பவள் இல்லை. பெட்டியிலிருந்து ஒரு பூச்சியை மேஜையில் வைத்துக்கொண்டு, பெயர் தெரியாதவள் மாதிரி பக்கம் புரட்டுவேன். ஆணையும் பெண்ணையும் தனித்தனியாகக் காட்டியிருக்கிறார்களா, உண்மையான நீளம் தெரிகிறதா, படம் ஓரிடம் விளக்கம் ஓரிடம் என்று அலைக்கழிக்கிறதா என்று பார்ப்பேன். உன் புத்தகம் தேறிவிடும். தேறாமல் என்ன? அறுபது படங்களும் பதினெட்டு வருஷம் உட்கார்ந்து நான் வரைந்தவை. “பார்த்துட்டு ஒரு வாரத்துல தந்துடறேன்க்கா” என்று நீ வாங்கிக்கொண்டு போனவை. முன்னுரையில் மட்டும் ‘வேளாவேளைக்குத் தேநீர் தந்த அக்காவுக்கு நன்றி.’ எனக்குத் தேநீர் போடவே வராது, குட்டி.

இத்துடன் ஒரு படிவம். எல்லா ஆசிரியர்களுக்கும் போகிறது. ஒவ்வொரு படத்தையும் வரைந்தது யார், எதைப் பார்த்து வரைந்தது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். முக்கியமாக முப்பத்து நான்காம் பக்கம். யோசித்து எழுது.

அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

இன்னும் கோபம் தீரவில்லையா? படிவத்தில் எல்லாம் நானே வரைந்தவை என்றுதான் போட முடிந்தது. பதிப்பகத்திடமும் அப்படித்தானே சொல்லியிருக்கிறேன். முப்பத்து நான்கை, மலைச்சரிவில் நானே பிடித்து உயிரோடு வைத்து வரைந்ததாக எழுதினேன். என் பெயரையே வைத்த வண்டு; வேறென்ன எழுத? நீதான் வரைந்தாய் என்று நமக்குத் தெரிந்தால் போதாதா? அடுத்த பதிப்பில் உனக்கு நல்லதாக ஒரு நன்றி போட்டுவிடுகிறேன். இதைப் படித்ததும் கிழித்துவிடு.

தம்பி

ஏப்ரல் 2

குட்டிக்கு,

கிழிக்கவில்லை.

நேற்று குழு கூடியது. உன் படிவத்துக்குப் பக்கத்தில் அந்த வண்டுப் படத்துக்கான என் பென்சில் வரைவை வைத்தேன். மணிக்கட்டு முறிந்து, கட்டுப் பிரித்த வாரம் வரைந்தது. பின்புறம் தேதியோடு எழுதியிருக்கிறேன்: ‘கை பழகுவதற்காக. ஒரு வண்டின் தலை, இன்னொன்றின் உடல்.’ நீ வாங்கிப்போன படங்களில் பூச்சியின் பெயர் எழுதாத ஒரே படம் அதுதான். யாரும் கண்டுபிடிக்காத புது இனம் என்று நினைத்து உன் பெயரை வைத்துக்கொண்டாய்.

குழுத் தலைவரான அருங்காட்சியக இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, அப்படி ஒரு பூச்சியே இல்லையா?”

“இல்லைங்க.”

“உயிரோட பிடிச்சேன்னு கையெழுத்துப் போட்டிருக்காரே!”

உன் கடிதத்தை நீட்டினேன். அதை அவர் சத்தமாகவே வாசித்தார். எல்லாம் நகலெடுத்து உன் கல்லூரிக்கும் பதிப்பகத்துக்கும் இன்று போய்விட்டது. மற்ற ஐம்பத்தொன்பது படங்களின் வரைவுகளும் இப்போது குழுவிடம்தான் இருக்கின்றன.

உண்மையை எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். பொய்தான் எழுதுவாய் என்று நம்பினேன். நீ என்னைக் கைவிடவில்லை.

இல்லாத வண்டை நீ சேர்த்திருப்பது முதல் பதிப்பு வந்த அன்றே எனக்குத் தெரியும். நீ இன்னும் உயரம் ஏறட்டும் என்று காத்திருந்தேன். நடுவில் ஒரு பள்ளி ஆசிரியை அருங்காட்சியகத்துக்கு எழுதினார். மூன்று மழைக்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த வண்டைத் தேடினாராம்; எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார். சொன்னால் நீ உஷாராகிவிடுவாய் என்று பதில் போடவில்லை. அதற்குத்தான் வெட்கப்படுகிறேன். உனக்காக இல்லை.

இன்று காலை அவருக்கு எழுதிவிட்டேன். ‘இனிமேல் தேட வேண்டாம். அப்படி ஒரு வண்டு இல்லை. அதை வரைந்தது நான்.’ கீழே முழுப் பெயர் போட்டுக் கையெழுத்திட்டேன். அச்சில் வந்த என் படம் ஒன்றை என்னுடையது என்று நான் எழுதிக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. அதுவும் இல்லாத வண்டுக்கு.

பதில் எழுதாதே. வந்தால் பிரிக்க மாட்டேன்.

அக்கா