எந்தப் பக்கம் இபோயா?

கிஷ்கெரெஸ்ட்,
2017 மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? மூன்று வருடமாக நீ இங்கே வரவில்லை. அந்தக் குறையைப் பிறகு சொல்கிறேன். இப்போது ஒரு பயம். போனில் பேச மனம் வரவில்லை.

செவ்வாயன்று ஒரு பெண் கருத்துக் கணிப்பு என்று வந்தாள். நகராட்சி எழுத்தரின் மகள். வீட்டுக்காரர் பர்னபாஷ் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "அடுத்த தேர்தல்ல யாருக்கு ஓட்டுப் போடுவீங்க அக்கா?" என்றாள். சொல்ல விருப்பமில்லை என்றேன். மற்ற கேள்விகளுக்கெல்லாம் அரசாங்கம் நன்றாக நடக்கிறது என்றே சொன்னேன். பள்ளிச் சமையலறையில் என் வேலையை மே மாதம் புதுப்பிக்க வேண்டும். ஆளுங்கட்சி மேயர்தான் கையெழுத்துப் போடுகிறார்.

உங்கள் நிறுவனத்துக் கணிப்புதானாம் அது. என் பெயர் எங்கேயாவது போகுமா?

உன் தங்கை,
இபோயா

புடாபெஸ்ட்,
மார்ச் 13

அன்புத் தங்கைக்கு,

பயப்படாதே. இங்கே பெயர் வராது, எண்தான் வரும். ஓட்டு யாருக்கு என்று சொல்லாதவர்களை நாங்கள் விட்டுவிடுவதில்லை. அரசாங்கத்தை நம்புகிறார்களா, நாடு போகும் போக்கு பிடித்திருக்கிறதா என்ற பதில்களைப் பார்த்து, ஆளுங்கட்சி ஆதரவாளர் அல்லது எதிர்க்கட்சி ஆதரவாளர் என்று பிரித்துவிடுவோம். அதுதான் என் வேலை. பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

பர்னபாஷுக்கு என் வணக்கம்.

அண்ணன்,
திகமேர்

கிஷ்கெரெஸ்ட்,
மார்ச் 20

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டது யாரும் என்னை எந்தப் பக்கத்திலும் சேர்க்கக் கூடாது என்றுதான். நீங்களோ என் மற்ற பதில்களை வைத்து ஆளுங்கட்சியில் சேர்த்துவிடுவீர்கள். நாளைக்கு டி.வி.யில் இத்தனை பேர் ஆதரவு என்பார்கள். அதில் ஒருத்தி நான். பயந்து சொன்ன பதிலை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

உண்மையைச் சொல். அந்தப் பதில்களுக்குள் என்னைத் தேடிப் பார்த்தாயா?

இபோயா

புடாபெஸ்ட்,
ஏப்ரல் 3

அன்பு இபோயா,

தேடினேன். செய்யக் கூடாத காரியம்தான், ஆனாலும் செய்தேன். நாற்பத்தெட்டு வயது, பள்ளிச் சமையல்காரி, "பேட்டியின்போது வேறொருவர் உடனிருந்தார்". ஆளுங்கட்சி ஆதரவாளர் என்று குறித்தவன் நானேதான்.

எங்கள் பிரிவுத் தலைவி கொர்னேலியாவிடம் போனேன். "பக்கத்துல ஆள் இருந்தப்ப சொன்ன பதிலை வெச்சு ஊகிக்கக் கூடாதுங்க" என்றேன். "பயத்துக்கு ஒரு கட்டம் போடச் சொல்றியா திகமேர்? நாளைக்குள்ள அறிக்கை போகணும்" என்றார். அப்படிப்பட்ட எழுபத்துநான்கு பேரையும் நானே எடுத்து 'தெரியாது' என்பதில் வைத்தேன். மேலிடத்தில் பழையபடியே மாற்றிவிட்டார்கள். அறிக்கை வெளியாகிவிட்டது. அதில் என் பெயர் இல்லை. இந்த மாதத்தோடு எனக்கு அங்கே வேலையும் இல்லை.

அதைவிட உறுத்துவது வேறொன்று. மூன்று வருடம் முன்பு உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பர்னபாஷோடு கட்சிச் சண்டை போட்டேனே, அன்றைக்கே உன்னையும் அவர் பக்கத்தில் சேர்த்துவிட்டேன். மூன்று ஈஸ்டருக்கு வரவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

இப்போது கேட்கிறேன். நீ எந்தப் பக்கம்?

திகமேர்

கிஷ்கெரெஸ்ட்,
ஏப்ரல் 10

அண்ணா,

உன் வேலை போனதைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்து உட்கார்ந்துவிட்டேன். பர்னபாஷிடமும் சொன்னேன். அவரும் வந்து எதிரில் உட்கார்ந்தார். பிறகு, "அன்னைக்கு நான் உன் பக்கத்துல உக்காந்தது, நீ ஏதாவது சொல்லி உன் வேலை போயிடுமோன்னு பயந்துதான். உங்கண்ணனை ஈஸ்டருக்கு வரச்சொல்லு. கட்சிப் பேச்சு எடுத்தான்னா மட்டும் ஹாம் கறி கிடையாதுன்னு சொல்லிடு" என்றார்.

சனிக்கிழமை மதிய ரயிலில் வா. நீ கேட்டதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் காகிதத்தில் எழுத மாட்டேன். உன்மேல் சந்தேகம் இல்லை. மே மாதம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். ஆற்றங்கரைப் பக்கம் நாம் இருவர் மட்டும் நடந்து போவோம். அங்கே சொல்கிறேன்.

படித்ததும் இதைக் கிழித்துப் போடு. கீழே பெயர் எழுதவில்லை. எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.