கண்ணாடியில் தெரிந்த வானம்

என்னங்க,

ஃப்ளாஸ்கில் காபி இருக்கிறது. பதினொரு மணிக்குப் பிளம்பர் வருவார்; சமையலறைக் குழாயைக் காட்டுங்கள்.

நான் பைக்கில்தான் வேலைக்குப் போகிறேன். "செகண்ட் ஹேண்ட்ல போய் இந்த அட்வெஞ்சர் பைக்கா? யானை உயரம் இருக்கு, உனக்குக் கால் எட்டாது" என்று சொன்ன நீங்கள், மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. எட்டவில்லைதான். வாசற்படியை ஒட்டி நிறுத்தி ஏறுகிறேன். சிக்னலில் இடது காலை மட்டும் ஊன்றுகிறேன். இதுவரை ஒருமுறைகூட வண்டியைக் கீழே போடவில்லை.

பி.கு: ஏறி உட்கார்ந்தவள், இதை எழுதவே இறங்கி வந்தேன். நேற்று நான் என் உயரத்துக்குச் சரியாகத் திருப்பி வைத்த பைக்கின் இரண்டு கண்ணாடிகளிலும் இன்று வெறும் வானம்தான் தெரிகிறது. யார் உட்கார்ந்து பார்த்தது என்று கேட்க மாட்டேன். இந்த வீட்டில் உயரமானவர் ஒருவர்தான்.

சாயங்காலம் தயாராக இருங்கள், ஒரு சுற்றுப் போய் வரலாம். ஓட்டுவது நான்.