மச்சானோடு ஒரே சஹனில்

ஞாயிறு, இரவு.

1. சாச்சாவின் மகன் நஸீர் எழுந்து போனது.
2. நான் வாய் திறக்காதது.
3. ஆனாலும் நான் மச்சானோடு சாப்பிட்டது.

கல்யாண விருந்தில் சோறு குவித்த ஒரே சஹன் தட்டைச் சுற்றி நானும் மச்சானும் நஸீருமாக ஆறு பேர் உட்கார்ந்தோம். நஸீர் மச்சானைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டான்.

“நானாக்கு ஈரல்ல வைரஸ் கட்டியாமே. தொத்தினா என்ன செய்யிற?”

அந்த வைரஸ் அநேகமாக எல்லோரிடமும் இருக்கிறதாம். மாற்றிய சிறுநீரகத்துக்காக எடுக்கும் மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைத்ததால்தான் மச்சானுக்குக் கட்டியானது. டாக்டர் சொன்ன இதை நான் சொல்லவில்லை. நஸீரும் மற்ற மூவரும் எழுந்து வேறு சஹனுக்குப் போனார்கள். சீ, என்ன மனிதர்கள்! நினைக்கவே அருவருப்பாக இருக்கிறது.

மச்சான் சிரித்தார். “தின்னுங்க மச்சான், கோழி முழுக்க நமக்குத்தான்.”

மேலே மூன்றாவதாக எழுதியது பிழை. நான் ஓரத்துச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அதைக் கண்ட மச்சான் எனக்குத் தனிப் பீங்கான் தட்டு கேட்டார். வாங்கிக்கொண்டேன்.