புளி போட்டுத் தேய்த்த ரிவால்வர்

ஆயுத பூஜை, வெள்ளி இரவு

மனுரேவா மார்கரெட் தன் தாத்தாவின் பழைய ரிவால்வரை எனக்கு விற்றபோது கேட்டது ஒன்றுதான். "துடைச்சுடாதீங்க. அந்தக் கறுப்பு அவர் கைபட்டு ஏறினது." பெரிதாகத் தலையாட்டினேன். இன்று பூஜைக்கு வைக்கிற ஆயுதம் அழுக்காக இருக்கலாமா என்று, குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். அதில் கையால் செதுக்கியிருந்த பூங்கொடியும் தாத்தாவின் பெயரும் இப்போது புது எவர்சில்வர் மாதிரி மின்னுகின்றன.

மகள் பார்த்துவிட்டு, "அப்பா, சீரியஸ்லி? யூ வாஷ்ட் இட்?" என்றாள்.

"பாத்திரம் தேய்க்கிறதிலதாம்மா எனக்கு அனுபவம் அதிகம்."

அவள் சிரிக்கவில்லை.

நாளை மார்கரெட் அதைப் பார்க்க வருகிறார். பார்க்க என்றால் தடவிப் பார்க்க. அவருக்கு இப்போது கண் தெரிவதில்லை. நான் சொல்லாவிட்டால் தெரியாது. மூன்று தடவை துடைத்துவிட்டேன், புளி வாசனை போகவில்லை.