ஆறு ஃபேனும் ஒரு பல்லும்

மார்ச் 3, செவ்வாய்

கம்ப்யூட்டர் இன்று மூன்று முறை தானாகவே அணைந்தது. சூடு தொண்ணூற்றெட்டு டிகிரி. பல் டாக்டருக்குப் பதின்மூன்றாம் தேதி அனிமேஷன் படம் கொடுக்க வேண்டும். ஒரு கடைவாய்ப் பல், கையில் பிரஷ்ஷோடு ஆடுகிறது. நான் படித்த படிப்புக்குக் கிடைத்த மரியாதை.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “இதுக்கு வாட்டர் கூலிங்தான் சரி. நானே போடறேன்.”

அவருக்கு வேலை போய் நாலு மாதம். இந்த நாலு மாதத்தில் “நானே” என்றது இதுதான் முதல் தடவை. எந்த வாயால் வேண்டாம் என்பேன்?

மார்ச் 5

பார்சல் வந்தது. சாப்பாட்டு மேஜை பறிபோனது. ரேடியேட்டர், பம்ப், குழாய்கள், ஆறு ஃபேன். “தண்ணி சூட்டை எடுத்துட்டு ரேடியேட்டருக்குப் போகும், அங்க காத்து பட்டு ஆறிடும், திரும்ப வரும்.” ஏழு முறை விளக்கினார். டீயை ஊதிக் குடிக்கத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும் என்று சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 6

அடியில் டிஷ்யூ பேப்பர் விரித்து, பம்பை மட்டும் நாள் முழுக்க ஓட்டி, ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு ஆபரேஷன் நடந்த அன்றுகூட மனுஷன் இவ்வளவு நேரம் உட்காரவில்லை.

மார்ச் 7

மேலே ரேடியேட்டரில் மூன்று ஃபேன், முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. ஆறிலும் கலர் விளக்கு. சர்க்கஸ் கூடாரம் தோற்றது. அரை மணி நேரம் ஓட்டினோம். தொண்ணூற்றாறு.

“ரெண்டு டிகிரி குறைஞ்சிருக்கு, பாத்தியா?”

பார்த்தேன். கண்குளிரப் பார்த்தேன்.

மார்ச் 9

தொண்ணூற்றேழு. ரூம்தான் சூடாம். நேற்று ஜன்னல் சரியில்லை என்றார். நாளைக்கு நான் மூச்சு விடுவது தப்பாகும்.

மார்ச் 10

பல் பாதி ஆட்டத்தில் நின்றுவிட்டது. இன்னும் மூன்றே நாள். அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து நாத்தனாரைக் கூப்பிட்டேன். அவள் ஏசி மெக்கானிக்.

வந்தவள் டிஷ்யூ பேப்பரை நீளமாகக் கிழித்து ஒவ்வொரு ஃபேனுக்கும் வெளிப்பக்கம் காட்டினாள். எல்லாவற்றிலும் போய் ஒட்டிக்கொண்டது.

“அண்ணி, ஆறும் உள்ளதான் இழுக்குது. சூட்டுக் காத்து வெளிய போக வழியே இல்ல.”

சரியாக அப்போது அவர் வந்து நின்றார்.

“என்னைக் கேக்காம இவளைக் கூப்பிட்டியா?”

“கேட்டா விட்டிருப்பீங்களா?”

“நான் ஒண்ணுத்துக்கும் லாயக்கில்லன்னு நீயும் முடிவு பண்ணிட்ட, இல்ல?”

நாத்தனார் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை. “அண்ணனே மாத்தட்டும்” என்று கிளம்பிவிட்டாள்.

நான் அப்படிச் சொல்லவே இல்லையே! — சொல்லவில்லை, சரி. எழுதவில்லையா? இந்த டைரியின் முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். ச்சீ.

மார்ச் 11

காலையிலேயே நாலு ஃபேனைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தார். முன்னால் உள்ள இரண்டு மட்டும் உள்ளே இழுக்கும், மற்றதெல்லாம் வெளியே தள்ளும். குழாய்க்குள் காற்றுக் குமிழி. “பிடி” என்றார். குழந்தைக்கு ஏப்பம் எடுக்கிற மாதிரி பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெதுவாகச் சாய்த்தோம். குடகுட சத்தம் நின்றது.

“நான்தான் தப்பா மாட்டிட்டேன்.” என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கல்யாணமான பதினோரு வருஷத்தில் இப்படிக் கேட்டதில்லை.

அறுபத்துநாலு டிகிரி.

மார்ச் 13

படம் போய்ச் சேர்ந்தது. பல் இன்னும் கொஞ்சம் சிரிக்க வேண்டுமாம். டாக்டர் உத்தரவு.

மார்ச் 17

ஒரு கடையில் எட்டு ஏசி மாட்ட வேண்டுமென்று நாத்தனார் வந்தாள். “அண்ணா, சும்மாதான இருக்க, கூட வாயேன்.”

சும்மா! போச்சு, இனி ரெண்டு நாள் வீட்டில் பேச்சு கிடையாது என்று நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் முழங்கை வரை அழுக்கோடு வந்தார். “அவளுக்கு என்னமா கை ஓடுது தெரியுமா?” என்று சொல்லிச் சொல்லி இரண்டாம் முறை சாதம் கேட்டு வாங்கினார். நாளைக்கு ஆறு மணிக்கே எழுப்பிவிடச் சொல்லியிருக்கிறார்.

அலாரம் வைத்தாயிற்று.